பல்லாண்டுப் பருப்பு: செயின்ஃபாயினா, லூபினா?

குளிர்நாட்டில் ஒருமுறை விதைத்துப் பல ஆண்டு பருப்பு அறுக்க செயின்ஃபாயின், பல்லாண்டு லூபின் என்ற இரண்டு பயறுவகைச் செடிகளில் எதை மேம்படுத்துவது? உறைபனியை இரண்டும் தாங்கும். மற்றவற்றில்தான் வித்தியாசம்.

மண்: செயின்ஃபாயினுக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும், நீர் தேங்கினால் போச்சு. லூபினுக்குப் புளித்த (அமிலத்தன்மையுள்ள) மணல் மண்ணே போதும்.

அறுவடை: செயின்ஃபாயின் காய்க்குள் ஒரே விதை, வலைபோல் வரம்போடிய முரட்டுத் தோல், உரிப்பதுதான் வேலை. முற்றினால் காயோடு உதிரும். லூபின் காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு டப்பென்று வெடித்து விதையைத் தெறிக்கும்.

கசப்பு: லூபின் விதையின் கசப்புதான் பெரிய தலைவலி. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஃபான் செங்புஷ் என்ற பயிர் ஆய்வாளர் ஆண்டுப்பயிர் லூபின்களில் கசப்பு குறைந்த செடிகளைப் பொறுக்கி எடுத்தார். அதாவது வழி இருக்கிறது. இலைச்சாற்றில் அயோடின் கரைசல் விட்டுப் பார்த்தால் கசப்புச் செடி பழுப்பாகக் கலங்கும், ஆயிரக்கணக்கில் சோதிக்கலாம்.

பரவல்: பல்லாண்டு லூபின் பின்லாந்தில் சாலையோரமெல்லாம் படர்ந்த அந்நியக் களை, வளர்க்கவே தடை. செயின்ஃபாயினோ பழைய தீவனப்பயிர். அமெரிக்காவின் கான்சாஸிலுள்ள லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பருப்பாக்க முயல்கிறது.

வறண்ட சுண்ணாம்பு நிலமா, செயின்ஃபாயின். புளித்த மணலா, கசப்பில்லாத, வெடிக்காத லூபின் கைக்கு வரட்டும். அதுவும் அது பிறந்த மேற்கு வட அமெரிக்காவில் மட்டும்.