குடித்த பிறகு: டாக்ஸியா, தூங்கி எழுந்து ஓட்டுவதா?

குடித்தாயிற்று, வண்டி வாசலில் நிற்கிறது. டாக்ஸியில் போவதா, நாலு மணி நேரம் தூங்கிவிட்டு நாமே ஓட்டுவதா?

செலவு: டாக்ஸிக்குக் கட்டணம், மறுநாள் வண்டியை எடுக்க இன்னொரு பயணம். தூங்கினால் செலவில்லை, ஆனால் போதை இறங்காமல் ஓட்டி மாட்டினால் அபராதம், உரிமம் ரத்து, சிறைகூட வரலாம்.

பாதுகாப்பு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்தான் குறையும்; 0.12 இருந்தால் முழுவதும் இறங்க 8 மணி நேரம் ஆகும், காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. தெளிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும், ஆனால் பிரேக்கை மிதிக்கும் கால் இன்னும் தாமதிக்கும்.

வசதி: டாக்ஸிதான்.

இரவு தங்க இடமும் காலையில் அவசரமில்லாத நாளும் இருந்தால் தூங்குங்கள், மதியத்துக்கு மேல் ஓட்டுங்கள். அன்றிரவே வீடு சேர வேண்டுமா, தயவுசெய்து டாக்ஸி மட்டும்.