‘கிட்னி கிளீன்’ தூள் என்று சொல்லி 18,500 ரூபாவை விழுங்கிவிட்டார்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். 18,500 ரூபா. அக்கா தையல் மெஷினில் குனிந்து குனிந்து சேர்த்த காசு.

அக்காவின் மகனுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவி வருத்தம். நெஞ்சில் சளி இறுகி, அதில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறிவிடும். அதற்கு அமிக்காசின் ஊசி ஏற்றுகிறார்கள். சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து என்று டொக்டர் முதலே சொல்லித்தான் தொடங்கினார். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

போனில் மூலிகை விற்கும் பக்கம் ஒன்று. அக்கா கேள்வி போட்டதுமே ‘ஆலோசகர்’ ஒருவர் அழைத்தார். எங்கள் பேச்சு. “அக்கா, நானும் முல்லைத்தீவுப் பக்கம்தான்” என்றார். பிள்ளையின் நிறை கேட்டார், 22 கிலோ. ஊசியின் அளவு கேட்டார், நாளுக்கு 660 மில்லிகிராம். கொஞ்சநேரம் பேச்சில்லை. அப்புறம், “புத்தகத்தில கிலோவுக்கு 15தான் அக்கா. உங்கட பிள்ளைக்கு 30 ஏத்தினம். மிச்சம் முழுக்கக் கிட்னியிலதான் படிஞ்சு கிடக்கும்.” வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளர்களின் கதையையும் எடுத்துவிட்டார். அந்தக் கதை வன்னியில் யாரையும் உலுக்கும். மருந்தின் பெயரும் கணக்கும் பிசகாமல் சொல்கிறவரை அக்கா நம்பியதில் என்ன வியப்பு? அவர் சொன்ன ‘கிட்னி கிளீன்’ தூளுக்கு அன்றே 18,500 வங்கியில் போட்டாயிற்று. உடைக்காமல் ஏழு நாளுக்குள் திருப்பினால் முழுக்காசும் தருவோம் என்று எழுத்திலும் தந்தார்கள்.

பார்சல் வந்தது. பச்சை இலைப் படம், உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. கூடவே ஒரு துண்டு: தூள் எடுக்கும் நாட்களில் ஊசியை நிறுத்தவும். இதை வாசித்ததும் எனக்குத் தலை சுற்றியது.

பொதியை உடைக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டொக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன். 15 என்ற கணக்கு மற்றப் பிள்ளைகளுக்கு. இந்த வருத்தம் உள்ளவர்களின் சிறுநீரகம் அமிக்காசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகளை மற்றவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருக்கும்போது மழை பெய்தாலும் நீர்மட்டம் ஏறாது அல்லவா, அதுபோல வழமையான அளவு இரத்தத்தில் போதிய உயரத்துக்கு வராது, கிருமி சாகாது. அதனால்தான் 30. கண்ணை மூடிக்கொண்டும் ஏற்றுவதில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த ‘ஆலோசகர்’ சொன்ன எண்கள் இரண்டும் சரி, மிச்சம் முழுக்கச் சிறுநீரகத்தில் படிந்து கிடக்கும் என்பதுதான் பச்சைப் பொய்.

சிறுநீரைப் பெருக்கும் தூளாக இருந்தால் இன்னும் மோசமாம். இந்தப் பிள்ளைகளுக்கு வியர்வையில் உப்பு அதிகம் போகும். வன்னி வெயிலில் உடம்பு வற்றினால், ஊசி நடக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு அதுவே ஆபத்து.

சரி, காசைக் கேட்டேன். முதலில் “அண்ணா, மேலதிகாரி எடுப்பார்.” யாரும் எடுக்கவில்லை. பிறகு கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள், ஒத்துக்கொண்டேன். பிறகு மருந்து வகை திருப்பி எடுப்பதில்லையாம். அவர்களே எழுதித் தந்த வாக்குறுதியைப் படம் பிடித்து அனுப்பினேன். “பிள்ளை மேல அக்கறை இருந்தா காசைப் பற்றிக் கதைக்கமாட்டீங்கள்” என்று ஒரு குரல் பதிவு! அதோடு என்னையும் அக்காவையும் புளொக் பண்ணிவிட்டார்கள். 18,500 போயிற்று.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. ஊசியை நிறுத்தச் சொல்கிறவரை நம்பாதீர்கள். என்ன சேர்த்தது என்று எழுதாத தூளைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஊசி நடக்கும்போது இபுப்ரோஃபென் குளிசைகூட டொக்டரிடம் கேட்காமல் வேண்டாம். வங்கி ரிசீட்டை எறியாதீர்கள், நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.

நேற்று இரவு வேறு பெயரில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதே இலைப் படம், அதே தூள். விலை இப்போது 21,000.