டொலர் இப்ப எவ்வளவு போகுது?

கனடாவில் இருந்து ஊருக்கு வந்து நிற்கிறவரிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. 2025 நல்லூர்த் திருவிழா நேரம் நான் யாழ்ப்பாணத்தில் நின்றேன். அப்போது கனேடிய டொலர் 220 ரூபாவைச் சுற்றிப் போனது. 2022 மே மாதத்தில் அதே டொலர் 280 வரை போயிருந்தது. "அப்ப வந்திருந்தா எவ்வளவு லாபம்" என்று ஒருவர் சொன்னார். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் காசு மாற்றிய கதை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் வருகைப் பகுதியில் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். வாகனக் கூலிக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் அளவாக அங்கே மாற்றினேன். மிச்சத்தை யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வங்கியில் மாற்றினேன். இலக்கத்துண்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும், கடவுச்சீட்டுக் காட்ட வேண்டும். கவுண்டரில் இருந்த தங்கச்சி பொறுமையாக விளக்கம் சொன்னா. சுவரில் இருந்த பலகையில் வாங்கும் விலை இரண்டு விதமாக இருந்தது: கையில் கொண்டுவரும் தாளுக்கு ஒன்று, வங்கி வழியாக அனுப்பும் காசுக்கு இன்னொன்று. தாளுக்கு எப்போதும் குறைவுதான். அமெரிக்க டொலரை விடக் கனேடிய டொலருக்கு அந்த இடைவெளி பெரிது. பெரிய தொகை என்றால் தாளாகக் கட்டிக்கொண்டு போகாமல் கணக்குக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

ஏ.ரி.எம். பாவிக்கிறவர்களுக்கு ஒரு விசயம். சில இயந்திரங்கள் "கனேடிய டொலரிலேயே கணக்கிடவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ஆம் என்றால் மாற்றுவிலையை இயந்திரத்தின் வங்கி வைக்கும், அது உங்களுக்குக் கட்டாது. கனேடிய வங்கிகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாவனைக்கு 2.5 வீதம் எடுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, 280 கதைக்கு வருகிறேன். மாமி காசு வந்த துண்டுகளையெல்லாம் ஒரு கிளிப்பில் கோர்த்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. மகன் ரொறன்ரோவில் இருந்து அனுப்பும் 200 டொலருக்கு ஒவ்வொன்றிலும் திகதி, மாற்றுவிலை, ரூபா என்று எல்லாம் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அந்த 200 டொலர் 32,000 ரூபாவுக்குக் கிட்ட. அதே வருசம் மே மாதத்தில் 55,000ஐத் தாண்டுகிறது. 2025இல் 43,000 அளவில் நின்றது. 2022இன் அந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாலு மாதத்தில் நாட்டுக்கு என்ன நடந்தது என்று விளங்கும். "டொலர் ஏறினா நீங்கள் சந்தோசப்படுறியள் தம்பி, எங்களுக்கு மாவும் காஸும் எல்லோ ஏறினது" என்றா மாமி.

அவ சொன்னது சரி. 2021 கடைசியில் இலங்கை மத்திய வங்கி அமெரிக்க டொலரை 200 ரூபா சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றுகிற வழியில், 230, 240 என்று கொடுத்தார்கள். வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகமாகத் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தும் சனம் உண்டியலுக்கே போனது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் காசு 2022இல் 3.8 பில்லியனாக விழுந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதத்தில் அமெரிக்க டொலர் 360ஐத் தொட்டது. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருசத்துக்கு முன்னிருந்ததை விட 70 வீதம் கூட.

2025இல் அமெரிக்க டொலர் 300 அளவுக்கு இறங்கியிருந்தது. கனேடிய டொலரும் அமெரிக்க டொலருக்கு எதிராக இறங்கியதால் எங்களுக்கு 220. கடைச் சாமான் விலை மட்டும் இறங்கவில்லை. 2021ஓடு பார்த்தால் விலைவாசி கிட்டத்தட்ட இரட்டிப்பு, கனேடிய டொலர் ஏறியதோ 40 வீதம் அளவில்தான். அதனால் 160 ரூபாக் காலத்தில் ஒரு டொலருக்கு ஊரில் வாங்கியதை 2025இல் 220 ரூபாவுக்கு வாங்க முடியவில்லை. மாற்றுவிலையை மட்டும் பார்த்து "ஊர் மலிவு" என்று நினைத்துப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பழைய ஆட்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். 1949 செப்டெம்பரில் இருந்து 1967 நவம்பர் வரை அமெரிக்க டொலர் 4 ரூபா 76 சதம். 1966 யூனில் இந்தியா மதிப்பிறக்கும் வரை இந்திய ரூபாவும் எங்கள் ரூபாவும் ஒரே மதிப்பு. 2025இல் ஓர் இந்திய ரூபாவுக்கு எங்கள் காசு மூன்றரை அளவில் வேண்டியிருந்தது.

காணி விற்கப் போகிறவர்களுக்குத்தான் பழைய மாற்றுவிலை உண்மையில் தேவைப்படும். ஓர் உதாரணம்: 2010இல், கனேடிய டொலர் 110 ரூபா அளவில் இருந்தபோது 40 லட்சத்துக்கு ஒரு காணி வாங்கி, 2025இல் டொலர் 220 ஆக இருந்தபோது 80 லட்சத்துக்கு விற்றிருந்தால், ஊரில் இரட்டிப்பு லாபம் என்பார்கள். டொலரில் அன்று போனது 36,000 சொச்சம், விற்று வருவதும் அதே 36,000 சொச்சம். கனடாவில் வரிக் கணக்குக் காட்டும்போது வாங்கிய விலையை வாங்கிய நாளின் மாற்றுவிலையிலும், விற்ற விலையை விற்ற நாளின் மாற்றுவிலையிலும் போட வேண்டும். 40 லட்ச லாபத்தை விற்ற நாளின் 220ஆல் பிரித்தால் இல்லாத 18,000 டொலர் லாபத்துக்கு வரி கட்ட நேரும். இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பழைய நாட்களின் மாற்றுவிலை இருக்கிறது. வாங்கியபோதும் விற்றபோதும் காணி உறுதி எழுதிய திகதிகளுக்கும் காசு வங்கிக்கு வந்த திகதிக்கும் உரியதை எடுத்து அச்சடித்து, வங்கித் துண்டோடு சேர்த்து வைத்திருங்கள். வங்கி துண்டு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், நான் போன இடத்தில் கேட்டதும் முத்திரை குத்தித் தந்தார்கள்.