அந்தரத்தில் உட்காரும் ஃபிரேம்: இரும்பு நன்று, முழங்கைதான் காட்டிக்கொடுக்கிறது

ஒற்றைக் கோலைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் சாமியார் வித்தைக்கான இரும்பு ஃபிரேமை, பெங்களூரு பீன்யாவில் ஒரு வெல்டிங் பட்டறை ஆர்டரின் பேரில் செய்து தருகிறது. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று நிகழ்ச்சி எடுக்கும் நம் மேஜிக் கலைஞர்கள் வாங்கலாமா?

தத்துவம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் சேஷால் என்பவர், மான்தோல் சுற்றிய தாங்கியில் கை வைத்தபடி காற்றில் அமர்ந்து காட்டினார். 1847இல் பாரிஸில் பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஹூடின் தன் மகனை ஒரு கோலின் மேல் கிடத்தியதும் இந்த வழிதான். கோலுக்குள் ஏறும் இரும்பு சட்டைக் கைக்குள் நுழைந்து, விலாவோரம் இறங்கி, ஆடைக்குள் இருக்கும் இருக்கையைத் தாங்கும்.

இந்த ஃபிரேமில் அடித்தகடு 75க்கு 60 செ.மீ., கனம் 8 மி.மீ.; எடை 28 கிலோ. கோல் ஒரு விளிம்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே நிற்கிறது, இருக்கையின் நடு அங்கிருந்து 45 செ.மீ. ஆக, ஆளின் எடை எதிர் விளிம்புக்கு 22 செ.மீ. உள்ளேயே விழுகிறது, கவிழாது. 6 மி.மீ. தகடு மலிவு என்று கேட்காதீர்கள்; கோலைச் செருகும் சாக்கெட்டைச் சுற்றிக் குழிந்து, தகட்டை மறைக்கும் கம்பளத்துக்கு மேலேயே தெரியும்.

70 கிலோ ஆள் உட்கார்ந்தால் கோலின் அடியில் சுமார் 310 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புவிசை. 38 மி.மீ. பைப்பில் சுவர் 3 மி.மீ. இருந்தால் தாங்கும். 1.6 மி.மீ. என்றால் மெதுவாக உட்காரும்வரை நிற்கும், பொத்தென்று உட்கார்ந்தால் வளைந்துவிடும். பெயின்ட் அடித்தபின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் தராசில் வையுங்கள்: மீட்டருக்கு 2.6 கிலோ வர வேண்டும், மெல்லிய பைப் 1.4 கிலோதான் வரும். இந்தப் பட்டறை சரியான பைப்பைத்தான் போட்டிருக்கிறது, அதற்குப் பாராட்டு.

சாக்கெட்டில் கவனம் தேவை. 10 செ.மீ. ஆழச் சாக்கெட்டில் ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் தலை உயரத்தில் அது ஒன்றரை செ.மீ. ஆகிவிடும். கோலும் தலையும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்த நொடியில் கூட்டத்துக்கு எல்லாம் புரிந்துவிடும். மெல்லிய தகரச் சுருள் வைத்து இறுக்கி, இரண்டு எம்12 போல்ட்டையும் ஸ்பிரிங் வாஷரோடு முடுக்குங்கள்.

பெரிய குறை முழங்கை. பைப்பை வெட்டி 90 டிகிரியில் வெல்டிங் செய்திருக்கிறார்கள். மனிதக் கை அப்படி மடங்கி நிற்பதில்லை. சட்டைத் துணி பெட்டி முனைபோலத் துருத்துகிறது. விரிசல் விழுவதும் அந்த வெல்டிங் ஓரத்தில்தான்; மயிரிழைக் கோடாகப் பெயின்ட் வெடித்திருந்தால் மேடையேறாதீர்கள். பைப் பெண்டரில் 110 மி.மீ. ஆரத்தில், முழங்கையின் உள்கோணம் சுமார் 115 டிகிரி இருக்கும்படி வளைத்துத் தரச் சொல்லுங்கள்.

கூடவே தரும் காவி பாலியஸ்டர் அங்கி வேண்டாம். பின்னாலிருந்து வெயில் அடித்தால் பைப்பின் நிழல் தெரிகிறது. சிக்பேட்டையில் கனமான காடாத் துணி எடுத்து, உள்ளே கறுப்பு லைனிங் வைத்து, கை அகலத்தைத் தாராளமாகத் தைத்துக்கொள்ளுங்கள். கோலைப் பிடித்த கையின் விரல்களை அவ்வப்போது அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைக் கை போலிருக்கும்.

சர்ச் ஸ்ட்ரீட் போன்ற கல் பாவிய தரையில் தகடு ஆடும். அடியில் 6 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். ஏறி இறங்குவது துணி மறைப்புக்குள், உதவியாளர் கோலைப் பிடித்திருக்கும்போது மட்டும். இருக்கைக்கு 25 மி.மீ. ஃபோம் கொடுத்தாலும் தொடை மரத்துப்போகும், அரை மணிக்கு மேல் வேண்டாம்.

85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 42 மி.மீ. பைப், 4 மி.மீ. சுவர் என்று எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். முழங்கை அளவையும் நேரில் போய்க் கொடுப்பது நல்லது.