இரவல் லைப்ரரியோடு கீகேட்: கிளிநொச்சியிலிருந்து ஒரு ரிவியூ

கீகேட் நல்ல மென்பொருள், ஒரு சதமும் கேட்காத மென்பொருள், அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. 1992இல் பிரான்சில் ஜான் பியர் ஷரா தனி ஆளாகத் தொடங்கியது, பிறகு சேர்ன் ஆய்வுகூடத்து ஆட்களும் கை கொடுத்தார்கள், இன்றைக்கு சர்க்கிட் பலகை வரைய இதைவிட நல்லது வேண்டுமென்றால் காசை எண்ணி வைக்க வேண்டும். நான் எழுத வந்தது அதற்குள் நாம் ஏற்றுகிற இரவல் லைப்ரரிகளைப் பற்றி. சிந்தசைசர் (மின்னணு முறையில் இசை எழுப்புகிற கருவி) செய்கிற ஆட்கள் தாங்கள் வரைந்த சாமான்களை இணையத்தில் சும்மா போட்டுவிடுகிறார்கள், அதை இறக்கி எட்டு மாதமாக மல்லுக்கட்டுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: லைப்ரரியில் இரண்டு பங்கு. ஒன்று சர்க்கிட் படத்தில் வருகிற சின்னம். மற்றது ஃபுட்பிரின்ட், அதாவது பலகையில் வருகிற துளைகளும் அவற்றைச் சுற்றிய செப்பு வட்டங்களும். இரண்டையும் கட்டி வைப்பது கால் எண் மட்டும்தான். சின்னத்தில் 3ஆம் கால் என்றால் பலகையில் 3ஆம் துளைக்குப் போகும், அதற்கு மேல் மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது.

கீகேட்டோடு வருகிற லைப்ரரியிலேயே டிஎல்072, எல்எம்13700 போன்ற ஐசிகள் எல்லாம் உண்டு. யூரோராக்காரர்கள் (ஒரே அளவுத் துண்டுகளைச் சட்டத்தில் பூட்டி சிந்தசைசர் செய்கிறவர்கள்) பாவிக்கிற பிஜே398எஸ்எம் ஜாக்கும் ஆல்ஃபா 9 மி.மீ. பொட்டும் (குமிழ் வைத்துத் திருப்புகிற சாமான்) கூட இருக்கின்றன. பிறகு ஏன் இரவல்? பேனலுக்காக. யூரோராக் முகப்பு 128.5 மி.மீ. உயரம், அகலம் 5.08 மி.மீ. படிகளாகக் கூடும், திருகுத் துளைகளுக்கு வேறு கணக்கு. இதையெல்லாம் யாரோ ஒருவர் ஏற்கெனவே வரைந்து, ஜாக், பொட், மின் கனெக்டர் எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பெயரும் வைத்துத் தந்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். இன்னொரு வசதி, இந்தக் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். முப்பரிமாண மாடல்களை விட்டுவிட்டால் ஃபோன் டேட்டாவிலேயே இறக்கலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம், நோட்பேடில் திறந்து கால் எண்ணைத் திருத்தலாம்.

இனிக் கரைச்சல்.

நான் இறக்கிய லைப்ரரியில் (பெயர் சொல்ல மாட்டேன், சும்மா தந்தவரைத் திட்டுவது அழகில்லை) யூரோராக்கின் 10 கால் மின் கனெக்டர் இருந்தது. ரிப்பனின் சிவப்புக் கோட்டுப் பக்கம் -12 வோல்ட், மறுமுனை +12, நடுவில் ஆறும் எர்த். படத்தில் எல்லாம் அச்சொட்டாக இருந்தது: மேல் ஜோடி -12, கீழ் ஜோடி +12. ஆனால் அந்த மனிதர் சின்னத்துக்கு ஐசிக்குப் போடுவது போல் எண் போட்டிருக்கிறார், இடப்பக்கம் 1 முதல் 5 வரை இறங்கி, வலப்பக்கம் 6 முதல் 10 வரை ஏறி. ஃபுட்பிரின்டோ ரிப்பன் கேபிள் முறை, ஒரு பக்கம் ஒற்றை எண்கள், மறு பக்கம் இரட்டை எண்கள். அப்போது என்ன ஆகும்? படத்தில் ஜோடியாக நிற்கிற 1உம் 10உம் பலகையில் எதிரெதிர் மூலைகள். ஒன்றில் -12, மற்றதில் +12. இரண்டையும் என் செப்புத் தடம் அழகாக ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது.

மென்பொருளின் சோதனைகள் இரண்டுமே, படத்துக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, பச்சைக்கொடி காட்டின. அவற்றின் மேல் பிழை இல்லை, படத்தில் நான் கட்டச் சொன்னதைத்தானே பலகையில் கட்டியிருக்கிறது. சீனாவிலிருந்து ஐந்து பலகைகள் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கரண்ட் கொடுக்க முதல் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன், +12க்கும் -12க்கும் நடுவே பீப், அதாவது இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. பிளேடால் தடத்தை வெட்டி, ஒயர் இழுத்து ஒரு பலகையை மட்டும் காப்பாற்றினேன். மற்ற நாலும் இப்போது தேநீர்க் கோப்பைக்கு அடியில்.

அடுத்தது டிரான்சிஸ்டர். இதுதான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547 என்ற டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். லைப்ரரியில் இருந்ததோ என்பிஎன் (இவையெல்லாம் சேர்ந்த டிரான்சிஸ்டர் வகை) என்று ஒரே ஒரு பொதுச் சின்னம், 2என்3904இன் வரிசையில். வெளிநாட்டில் இருப்பவர் அதை வாங்கிப் போடுவார், வேலை முடியும். நான் போட்டது பழைய ரேடியோப் பலகையிலிருந்து கழற்றிய சி1815. சத்தமே வரவில்லை. பரந்தனில் ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கொண்டு போனேன், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார்.

"தம்பி, உது சி1815 எல்லோ? உதுக்கு நடுக்கால் பேஸ் இல்லை, கலெக்டர்."

"படத்தில நடுவில பேஸ் எண்டுதான் அண்ணை கிடக்கு."

"படம் கீறினவன் உதைக் கையில எடுத்துப் பாத்திருக்க மாட்டான்."

மேசையடியிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தார். தொண்ணூறுகளில் பேட்டரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட நாட்களில், அவர் கையால் வரைந்த டிரான்சிஸ்டர் கால்கள் பக்கம் பக்கமாக. ஒரு கடைக்காரரின் கொப்பியைப் பார்த்து இன்னொருவர் எழுதுவாராம். சில எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி, தானே மீற்றர் வைத்துப் பார்த்ததற்கு அடையாளம். சரி இல்லாதவை அடுத்தவன் சொன்னவை. நான் இறக்கிய லைப்ரரியில் அந்தச் சிவப்பு மை எங்கேயும் இல்லை, எது சோதித்தது, எது கற்பனை என்று எப்படித் தெரியும்?

அப்புறம் சில்லறைக் குறைகள். சின்னத்துக்குள் ஃபுட்பிரின்டின் முகவரி லைப்ரரியின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும். அவர் 'சிந்த்' என்று வைத்த லைப்ரரியை நீங்கள் ஏற்றும்போது 'சிந்த்2' என்று வைத்தால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். மாடல்களுக்கு அவருடைய கொம்பியூட்டரின் முழுப் பாதையைக் கொடுத்திருந்தார், அதனால் என் திரையில் பலகை மொட்டையாக நின்றது. பகிர்கிறவர்கள் திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்கும் பாதையைக் கொடுத்தால் இந்தக் கரைச்சல் வராது. பதிப்பும் ஒரு தலையிடி. கீகேட் 9 வந்தது 2025 பெப்ரவரியில், நான் இன்னும் 8இல் நிற்கிறேன். அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற பெடியன் ஒருவன் 9இல் சேமித்து அனுப்பியதை என்னுடையது திறக்கவே மாட்டேன் என்றது. பழையதைப் புதியது திறக்கும், புதியதைப் பழையது திறக்காது.

இப்போது எந்த லைப்ரரி வந்தாலும் முதலில் ஃபுட்பிரின்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஊசியால் துளைத்து, உண்மையான ஜாக்கைக் குத்திப் பார்க்கிறேன். முதல் தடவை ஜாக் போகவேயில்லை. லைப்ரரி பிழை என்று ஒரு மணி நேரம் வைதுகொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் கொமினிகேஷன் கடைப் பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கி அடித்திருக்கிறது, 100 மி.மீ. கோடு 97தான் இருந்தது. அதனால் இப்போது பக்கத்தின் ஓரத்தில் ஒரு 100 மி.மீ. கோடு போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன், கடைக்காரர் "ஏன் தம்பி இந்தக் கோடு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

பலகை அடிக்க வசதியில்லை, ஸ்ட்ரிப் போர்டிலேயே (துளையும் செப்புக் கோடுகளும் போட்டே கடையில் வருகிற பலகை) செய்யப் போகிறேன் என்பவருக்கு டிஐவை லேஅவுட் கிரியேட்டர் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். முப்பது நாற்பது சாமானுக்குள் என்றால் கீகேட்டைத் தொடத் தேவையில்லை.

இறக்கலாமா என்று கேட்டால், இறக்குங்கள். பேனலையும் ஜாக்கையும் நம்பலாம், அவை கண்ணுக்குத் தெரியும், காகிதத்தில் பிடிபடும். மின் கனெக்டரையும் டிரான்சிஸ்டரையும் மட்டும் நீங்களே வரையுங்கள், அரை மணி நேர வேலை. பலகை வந்ததும் மீற்றர் வைக்காமல் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இங்கே கிடைக்கிற சாமான்களுக்கு ஒரு லைப்ரரி தொடங்கியிருக்கிறோம். பழைய ஆம்பிளிஃபையர்களில் கிடக்கிற ஜேஆர்சி4558 ஐசி (கால்கள் டிஎல்072 போலத்தான், அப்படியே மாற்றிப் போடலாம்), சி1815, ஒயர் பற்ற வைக்கிற பெரிய பொட், 6.35 மி.மீ. ஜாக். ஒவ்வொன்றின் விவரக் குறிப்பிலும் 'கையில் பார்த்தது' அல்லது 'பார்க்கவில்லை' என்று எழுதுகிறோம், அது கொப்பிக்கார அண்ணையின் யோசனை. இந்தச் சாமான்களை வைத்து ஒரு பிரிட்ஜ்டு-டி டிரம் சர்க்கிட் வேலை செய்கிறது, ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் கிக் (பெரிய டிரம்மின் சத்தம்) வருகிற அதே வகை, கொஞ்சம் சுருதியை ஏற்றினால் பறைமேளத்துக்குக் கிட்டப் போகிறது, கிட்ட மட்டும்தான். பெரிய ஜாக்கின் முப்பரிமாண மாடல் இன்னும் இல்லை. வரைந்து தர யாருக்காவது மனம் இருந்தால் அனுப்புங்கள், 8இல் சேமித்து.