குரூப்பில் ஆடும் கேம் பாட் லாகின் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

மெசேஜ் செயலிக்குள்ளேயே நண்பர்களோடு கேம் விளையாடும் பழக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். குரூப் அட்மின்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். எங்கள் குரூப்பில் ஒருவனுடைய கணக்கு பறிபோனது, இன்னொருவனுடைய பணம் போனது. இரண்டுமே நாங்கள் டெலிகிராமில் நெடுநாளாக நம்பி விளையாடிய ஒரு கேம் பாட் (bot, அதாவது ஆள் இல்லாமல் தானாக இயங்கும் கணக்கு) வழியாக நடந்தவை.

அது சாதாரண வார்த்தை விளையாட்டுதான். எழுத்துகளைக் கலைத்துப் போடும், முதலில் சொல்லைக் கண்டுபிடிப்பவருக்குப் புள்ளி. ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு வேலை நேரத்தில் இருக்கிறோம். 'எப்படி இருக்க' என்று கேட்டால் பதில் போடாதவன்கூட ஆட்டம் தொடங்கினால் வந்துவிடுவான். எங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்ததே அந்தப் பாட்தான் என்று சொன்னால் மிகையில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் அந்தப் பாட் குரூப்பில் டோர்னமென்ட் அறிவிப்பு ஒன்றைப் போட்டது. அதே பெயர், அதே படம். கீழே 'விளையாடு' பட்டன். அழுத்தினால் எப்போதும் போலச் செயலிக்குள்ளேயே பக்கம் திறந்தது, இரண்டு சுற்று ஒழுங்காகவும் ஓடியது. மூன்றாவது சுற்றுக்கு முன்னால், ஸ்கோரைச் சேமிக்க லாகின் செய்யச் சொன்னது. வந்த திரை அந்த மெசேஜ் செயலியின் லாகின் திரை போலவே இருந்தது. எங்கள் நண்பன் போன் நம்பரைக் கொடுத்தான். உடனே லாகின் குறியீடு (ஓடிபி) வந்தது. அதுவும் செயலியின் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்தே வந்தது.

இந்த மோசடியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. வந்தது உண்மையான குறியீடு. நம் நம்பரைப் போலிப் பக்கத்தில் போட்டதும், எங்கோ இருக்கும் திருடன் தன் கருவியில் அதே நம்பரைப் போட்டு லாகின் செய்யப் பார்க்கிறான். அதற்காகச் செயலி நமக்கு அனுப்பும் குறியீட்டை நாம் கேம் பக்கத்தில் தட்டினால், அது அவன் கைக்குப் போய்விடும். பாதி விளையாட்டில், ஸ்கோர் போய்விடுமோ என்ற பரபரப்பில் இருப்பவர் கூடவே வரும் 'இதை யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்ற வரியைப் படிப்பதில்லை. அந்தப் பரபரப்பை நம்பித்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். நண்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே நுழைந்தவன் உடனே எதுவும் செய்யவில்லை. பழைய உரையாடல்களைப் படித்திருக்கிறான். டெலிகிராம் போன்ற செயலிகளில் சாதாரணச் சாட்டுகள் எல்லாம் சர்வரில் இருப்பதால், புதிதாக லாகின் செய்தவருக்கும் பல ஆண்டுப் பேச்சு முழுவதும் திறந்துவிடும். நமக்கு நாமே அனுப்பிச் சேமித்து வைத்த அடையாள அட்டைப் படம், யாருக்கோ அனுப்பிய வங்கி விவரம், வீட்டு ஆட்கள் படங்கள் எல்லாம் அதில் அடக்கம். பணத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது இதுதான். பணம் போனது கணக்கில் தெரிகிறது. எந்தப் படம் யாரிடம் இருக்கிறது என்று இனி எப்படித் தெரியும்?

மறுநாள் எங்கள் நண்பன் கணக்கிலிருந்து எங்களில் இன்னொருவனுக்கு மெசேஜ் வந்தது: "மச்சி, ஒரு அவசரம்டா. என் பேங்க் ஆப் வேலை செய்யல. கொஞ்சம் அனுப்பி வைக்கிறியா, ராத்திரி திருப்பிடறேன்." அவன் எப்படி எழுதுவானோ அப்படியே இருந்தது. 'மச்சி' கூட அவன் சொல்தான். போன் செய்து கேட்கத் தோன்றாத அளவுக்கு இயல்பாக இருந்தது, பணம் போய்விட்டது. அதே நேரத்தில் அவனுடைய மற்ற குரூப்புகளுக்கெல்லாம் 'வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்' என்று அந்த கேம் லிங்க் பறந்துகொண்டிருந்தது. அவனுடைய அலுவலக குரூப்பும் தப்பவில்லை.

பாட் உருவாக்கியவர் என்று புரொஃபைலில் இருந்த முகவரிக்கு நான் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் வந்தது ஒரே ஒரு வரி: பாட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டேன், இனி எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் ஏற்கவில்லை. எத்தனையோ குரூப்புகள் அவரை நம்பி அந்தப் பாட்டை உள்ளே சேர்த்து, அட்மின் உரிமையும் கொடுத்து வைத்திருந்தன. கைமாற்றும்போது அந்த குரூப்புகளில் ஒரு வரி அறிவிப்பாவது போட்டிருக்க வேண்டாமா? அவர் விற்றது எங்கள் நம்பிக்கையையும் சேர்த்துத்தான். டெலிகிராமில் ஒரு பாட்டின் உரிமையை அதிகாரப்பூர்வமாகவே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். யூசர்நேம் அப்படியே இருக்கும். குரூப்பில் இருப்பவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

சாட்டுக்குள் கேம் என்பது 2016-இல் பரவிய வசதி. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 10 வந்தபோது அதன் ஐமெசேஜ் சாட்டுக்குள் கேம்கள் வந்தன, அக்டோபரில் டெலிகிராம், நவம்பரில் ஃபேஸ்புக் மெசஞ்சர். டெலிகிராமிலும் மெசஞ்சரிலும் வந்தவை எச்டிஎம்எல்5 கேம்கள். அதாவது தனியாக எதையும் இறக்காமல், பட்டனைத் தொட்டதும் திறக்கும் வலைப்பக்கங்கள். டெலிகிராமில் அந்தப் பக்கம் இருப்பது கேம் செய்தவரின் சர்வரில். செயலி அதை நமக்குத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் கேம்காரர். நேற்று எழுத்துகளைக் காட்டிய அதே இடத்தில் இன்று போலி லாகின் திரையைக் காட்டவும் அவரால் முடியும்.

இதை மட்டும் நினைவில் வையுங்கள். சாட்டுக்குள் ஆடும் கேமில் ஸ்கோர் சேமிக்க உங்கள் போன் நம்பரும் குறியீடும் தேவையே இல்லை. டெலிகிராமில் ஒரு கேம் பாட்டை முதல்முறை திறக்கும்போது, உங்கள் பெயரையும் ஐடியையும் அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கலாமா என்று செயலியே கேட்கும். போன் நம்பர் அதில் சேராது. யார் எத்தனை புள்ளி என்று கணக்கு வைக்க அதுவே போதும். அதற்கு மேல் லாகின் கேட்கும் கேம் ஸ்கோருக்காகக் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் வேறு வடிவம் உண்டு. பக்கம் 8 எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி, அதை வாட்ஸ்அப்பில் உள்ளிடச் சொல்லும். அது இன்னொரு கருவியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு. உள்ளிட்டால் உங்கள் கையால் நீங்களே திருடனை உள்ளே விட்டதாக ஆகும். எந்த கேமுக்கும் இது தேவையில்லை.

ஒருவர் ஆடினால் ஒருவருக்குத்தான் நஷ்டம் என்றும் நினைக்காதீர்கள். 2018-இல் வெளிவந்த ஃபேஸ்புக் வினாடி வினா விவகாரத்தில் அந்தச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். நண்பர்கள் பட்டியல் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானவர்களின் தகவல்கள் வெளியே போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே சொன்னது.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். டெலிகிராமில் செட்டிங்ஸில் 'டிவைசஸ்' பகுதியைத் திறந்தால் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும். உங்களுடையது தவிர மற்றதை வெளியேற்றுங்கள். புதிதாக நுழைந்தவரால் முதல் 24 மணி நேரத்துக்கு உங்கள் பழைய கருவியை வெளியேற்ற முடியாது. அதனால் அந்த ஒரு நாள் உங்கள் கையில் இருக்கிறது. பணம் கேட்ட மெசேஜ் தெரியவந்ததும் எங்கள் நண்பன் இதைச் செய்ததால்தான் கணக்கு திரும்பக் கிடைத்தது. அவசரத்தில் செயலியை அழித்துவிடவோ, போனில் நீங்களே லாக் அவுட் செய்துவிடவோ வேண்டாம். அப்புறம் இரண்டாம் கட்டப் பாஸ்வேர்டைப் போட்டு, மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். குறியீடு திருட்டுப் போனாலும் அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வர முடியாது. அந்தப் பாஸ்வேர்டையும் ஒரு பக்கம் கேட்டால் பதில் ஒன்றுதான்: மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலை இதே போலப் பாருங்கள்.

அட்மின்களுக்குத் தனியாக ஒன்று. கேம் பாட்டுக்கு அட்மின் உரிமை கொடுக்காதீர்கள். டெலிகிராமில் சாதாரணமாக ஒரு பாட்டுக்குத் தனக்கு வரும் கட்டளைகளும் தனக்கான பதில்களும்தான் தெரியும். அட்மின் ஆக்கினால் குரூப்பின் எல்லா மெசேஜும் அதன் கண்ணில் படும். எங்கள் பாட் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது நீக்கிவிட்டோம். வேறு குரூப்புகளில் அது இன்னும் இருக்கிறது, அதே பெயரில். எங்களுக்குத் தெரிந்த அட்மின்களிடம் சொல்லிவிட்டோம், பாட் மீது ரிப்போர்ட்டும் செய்திருக்கிறோம். உங்கள் குரூப்பில் இருக்கும் பாட்களின் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். யார் சேர்த்தது என்று யாருக்குமே நினைவில்லாத பாட் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.