டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ்: டிராக்குக்கு எந்த பிரேக், எந்த டயர்?

2021 செப்டம்பரில் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 35.579 விநாடியில் சுற்றியது. 2023 ஜூனில் அதே மாடல் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 25.231 விநாடி. இரண்டு தடவையும் மோட்டார்களின் சக்தி அதே 1,020 குதிரைத்திறன்தான். இரண்டாவது தடவை காரில் இருந்தது டிராக் பேக்கேஜ்: கார்பன் செராமிக் பிரேக், ஃபோர்ஜ்டு வீல், குட்இயரின் டிராக் டயர், கூடவே உச்ச வேக வரம்பில் தளர்வு. பத்து விநாடிக்கு மேல் மிச்சமானது பெரும்பாலும் பிரேக்கிலும் டயரிலும்தான்.

அமெரிக்க டிராக் நாட்களில் (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாட்கள்) மின்சார கார் என்றால் பெரும்பாலும் கண்ணில் படுவது பிளெய்ட் அல்ல, 2018 முதல் 2023 வரை வந்த மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ். அதனால் இந்த அலசல் அந்தக் காரை வைத்தே. கம்பெனி கொடுத்தது இது: முன்னால் 355 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள டிஸ்க், நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி). பின்னால் 335 மி.மீ. டிஸ்க், ஒற்றை பிஸ்டன் காலிப்பர், அதிலேயே பார்க்கிங் பிரேக் மோட்டார். டயர் 235/35R20 அளவில், தொடக்க ஆண்டுகளில் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். எடை சுமார் 1,850 கிலோ. சாலைக்கு இது தாராளம். டிராக்கில் சில லேப்களிலேயே திணறிவிடும்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டிரைவரோடு சேர்த்து 1,930 கிலோ. நேர்பாதையின் முடிவில் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 2.5 மெகாஜூல். 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான) வேகக் குறைப்பில் இது மூன்றரை விநாடிக்குள் முடிந்துவிடுகிறது, அதாவது சராசரியாக 700 கிலோவாட்டுக்கு மேல். ரீஜென் பிரேக்கிங் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவது) தாங்குவது 70, 80 கிலோவாட் அளவில்தான். பத்தில் ஒரு பங்கு அதற்கு. மீதி ஒன்பது பங்கும் பேடுக்கும் டிஸ்க்குக்கும். முன்பக்கம் அதில் 65 சதவீதத்தைச் சுமக்கிறது, ஒவ்வொரு முன் டிஸ்க்கின் உராயும் வளையமும் 10 கிலோ என்று கொண்டால், ஒரே பிரேக்கிங்கில் முன் டிஸ்க்கின் சூடு சுமார் 150 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பேட்டரி நிறைந்திருந்தாலோ, அதிகம் சூடாகியிருந்தாலோ ரீஜெனும் குறைந்துவிடும். "மின்சார காருக்கு பிரேக் தேயாது" என்பது சாலைக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஹூண்டாய் ஐயோனிக் 5 என் இதில் விதிவிலக்கு. அது ரீஜெனை மட்டும் வைத்தே 0.6 ஜி வரை வேகம் குறைக்கும்படி அமைக்கப்பட்டது, முன்னால் 400 மி.மீ. டிஸ்க்கும் உண்டு. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் டயரிலிருந்து தொடங்கலாம். மாடல் 3 பிரேக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வழி: காலிப்பரைத் தொடாமல் ஆயிலும் பேடும்

காசுக்கு அதிகப் பலன் இதில்தான். முதலில் பிரேக் ஆயில். டாட் 4 தரத்துக்குப் புதிய ஆயில் 230 டிகிரியிலும், ஈரம் ஏறிய ஆயில் 155 டிகிரியிலும் கொதித்தால் போதும். பேட், பிஸ்டன் வழியாக வரும் சூட்டில் காலிப்பருக்குள் அந்த 155-ஐத் தொடுவது கடினமே இல்லை. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரைவரை போகும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரி, ஈரம் ஏறிய பின் 205. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் 320 மற்றும் 270. விலையில் எஸ்ஆர்எஃப் பல மடங்கு. ஆனால் ஈரம் ஏறிய பின்னும் 270 டிகிரி தாங்குவதால் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். மோட்டுலை ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னால் கொஞ்சமாவது ஓடவிட்டுப் புதுப்பிக்க வேண்டும். வருடத்தில் இரண்டு நாள் போகிறவருக்கு மோட்டுல். மாதா மாதம் போகிறவருக்கு எஸ்ஆர்எஃப் கணக்கில் கட்டுப்படியாகும்.

அடுத்து பேட். எந்த பேட் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பப் பூச்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று கோடுகளாகப் பூசுவது அது: பச்சை 430 டிகிரியில், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல் நிறம் மாறும். ஒரு செஷன் ஓட்டிவிட்டு வந்து பச்சை மட்டும் மாறியிருந்தால் ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற, சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட் கிட்டத்தட்டப் போதும். அதன் எல்லை 500 டிகிரி வரை. ஆரஞ்சும் மாறியிருந்தால் ஃபெரோடோ டிஎஸ்1.11, பேஜிட் ஆர்எஸ்எல் வகை போன்ற முழு டிராக் பேட் தேவை. மூன்றும் மாறியிருந்தால் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை, குளிர்ச்சியும் பெரிய டிஸ்க்கும் வேண்டும்.

முழு டிராக் பேடை அன்றாடத்துக்கு விட்டுவைப்பது இந்தக் காரில் பெட்ரோல் காரைவிட மோசமான யோசனை. சாலையில் ரீஜெனே எல்லா வேலையையும் பார்ப்பதால் பேட் சூடேறவே ஏறாது. சூடேறாத டிராக் பேட் கீச்சிடும், முதல் அழுத்தத்தில் பிடி குறைவாக இருக்கும், டிஸ்க்கையும் அராவிவிடும். முன் காலிப்பர் நிலையானது என்பதால் பேட் மாற்றக் காலிப்பரைக் கழற்ற வேண்டியதில்லை: பின்னைத் தட்டி எடுத்து, ஸ்பிரிங் தகட்டை நீக்கி, பிஸ்டன்களை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் பழைய பேட் மேல்வழியாக வந்துவிடும். பின் சக்கரத்தில் அப்படிச் செய்யக் கூடாது. காரின் திரையில் சர்வீஸ் மோடுக்குப் போய் பார்க்கிங் பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நெருக்கினால் மோட்டாரின் பல்சக்கரம் போய்விடும்.

புது பேடைப் பழக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 100 கி.மீ.யிலிருந்து 20-க்கு எட்டுப் பத்து தடவை பலமாகக் குறைத்து பேடின் மெல்லிய படலத்தை டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். ரீஜென் முழுதாக இயங்கினால் பேடுக்குச் சூடு போதாமல் படலம் திட்டுத்திட்டாக ஒட்டும். பிறகு வரும் ஸ்டியரிங் அதிர்வை "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். டிராக் மோடில் ரீஜென் அளவைக் குறைத்துவிட்டுப் பழக்குங்கள். 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்பு டிராக் மோடில் அந்த வசதி இருக்கிறது.

பேட் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. மீதி பாதி உராய்வுக்கு மட்டுமல்ல, ஆயிலுக்கும் சூட்டுக்கும் நடுவே தடுப்பாகவும் நிற்கிறது.

இரண்டாவது வழி: டிஸ்க்கும் பெரிய பிரேக் கிட்டும்

பெரிய காலிப்பர் காரைச் சீக்கிரம் நிறுத்தும் என்பது பரவலான நம்பிக்கை. ஏபிஎஸ் இயங்கும் அளவுக்குப் பழைய காலிப்பரே அழுத்தம் கொடுக்கிறது. நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பெரிய கிட் தருவது சூட்டைத் தாங்கும் திறனும், பேடின் பரப்பும், பத்தாவது லேப்பிலும் மாறாத பெடலும். அதற்காக வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இடையில் ஒரு சிக்கனமான படி இருக்கிறது: அதே 355 மி.மீ. அளவில், அலுமினிய நடுப்பகுதியும் தனி இரும்பு வளையமும் கொண்ட இரண்டு துண்டு டிஸ்க். சூட்டில் வளையம் விரிய இடம் இருப்பதால் குடை போல மடங்காது. எடை குறையும், உள்ளே காற்று போகும் வழிகளும் மேம்பட்டவை. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். கோடு போட்ட வளையமாக எடுங்கள், துளை போட்டது வேண்டாம். டிராக்கில் விரிசல் துளையின் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். இதோடு காற்றுக்குழாயும் சேர்த்தால் இன்னும் நல்லது. குழாயின் வாய் டிஸ்க்கின் முகத்தைப் பார்க்காமல் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்று உள்வழிகளுக்குள் போய் இரண்டு முகங்களையும் ஒரே அளவில் குளிர்விக்கும். ஒரு முகத்துக்கு மட்டும் காற்றடித்தால் டிஸ்க் சமமில்லாமல் விரியும்.

380 மி.மீ. டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் என்று போகும்போது பின்பக்கத்தையும் யோசிக்க வேண்டும். முன்னால் மட்டும் பிஸ்டன் பரப்பு கூடினால் பிரேக் சமநிலை முன்பக்கம் சாயும். பின் டயர்கள் சும்மா இருக்க, முன் டயர்களில் ஏபிஎஸ் முன்னதாகவே குறுக்கிடும். நிறுத்தும் தூரம் கூடவும் கூடும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பிஸ்டன் எண்ணிக்கை அல்ல, மொத்தப் பிஸ்டன் பரப்பு பழையதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது. பின் காலிப்பரை மாற்றுவதென்றால் பார்க்கிங் பிரேக்குக்குத் தனியாக ஒரு சின்ன காலிப்பர் வைக்க வேண்டிவரும். அதனால் பலரும் பின்னால் பழைய காலிப்பரையே வைத்துக்கொண்டு பேடை மட்டும் உயர்த்துகிறார்கள். இந்தக் காருக்கு அதுவே சரியான முடிவு.

மூன்றாவது வழி: கார்பன் செராமிக்

பிளெய்டுக்கு டெஸ்லா விற்ற கிட்டில் முன்னும் பின்னும் 410 மி.மீ. டிஸ்க், முன்னால் ஆறு பிஸ்டன், பின்னால் நான்கு பிஸ்டன். அறிமுக விலை 20,000 டாலர். 2,160 கிலோ எடையுள்ள, 300 கி.மீ. வேகத்தைத் தாண்டும் காருக்கு அதில் நியாயம் உண்டு. இரும்பில் ஏறக்குறைய பாதி எடை, துரு இல்லை, பிரேக் தூசி குறைவு. ரீஜெனால் பிரேக்கே தொடாமல் ஓடும் காரில் துரு இல்லாதது உண்மையான வசதிதான்.

மாடல் 3-க்கு இது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. செராமிக் டிஸ்க் டிராக்கில் தேய்வது தடிமனில் தெரியாது. மிகை சூட்டில் உள்ளே இருக்கும் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகிறது, டிஸ்க்கின் எடை குறைகிறது. நடுப்பகுதியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடைக்குக் கீழே போனால் மொத்த டிஸ்க்கும் போச்சு. வீல் மாற்றும்போது விளிம்பில் ஒரு இடி பட்டு சில்லு பெயர்ந்தாலும் அதே கதி. அந்தப் பணத்தில் இரும்பு வளையமும் பேடும் பல சீசன்களுக்கு வாங்கலாம்.

டயர்: அளவும் கேம்பரும் முதலில்

டயர் பெயரைப் பேசுவதற்கு முன் வீல். 20 அங்குலத்திலிருந்து 18-க்கு இறங்குவது நல்லது: எடை குறையும், டயர் விலை குறையும், பக்கச்சுவர் உயர்வதால் டிராக்கின் ஓரத் திட்டில் (கர்ப்) ஏறும்போது ரிம் தப்பிக்கும். 18x9.5 வீலில் 265/40R18 போட்டால் வெளி விட்டம் 669 மி.மீ.; பழையது 672. மலிவாகக் கிடைக்கிறதென்று 275/35R18 போட்டால் 650 மி.மீ.க்கு இறங்கிவிடும், சுமை எண்ணும் குறையும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்னும் பின்னும் தனி மோட்டார் உள்ள காரில் சுற்றளவு வேறுபட்டால் டிராக்ஷன் கன்ட்ரோல் குழம்பும். எல்லா 18 அங்குல வீலும் 355 மி.மீ. டிஸ்க்கைத் தாண்டி உட்கார்ந்துவிடாது, சிலதான் உட்காரும். 380-க்கு 19 அங்குலமே பாதுகாப்பு. பின் டிஸ்க்கின் நடுவில் உள்ள படிக்கு ஏற்றபடி குடைந்த வீல்தானா என்றும் கேளுங்கள். வீலின் போல்ட் அமைப்பு 5x114.3, மையத் துளை 64.1 மி.மீ., நட்டை இறுக்கும் அளவு 175 நியூட்டன் மீட்டர்.

கம்பெனி அமைப்பில் முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் ஒரு டிகிரிக்கு அருகில்தான், அதைக் கூட்டவும் வழியில்லை. இந்த எடையோடு வளைவில் சாயும்போது முன் டயரின் வெளித்தோள் மட்டும் தரையில் அழுந்திக் கரையும். நடுவில் பாதி ரப்பர் மிச்சமிருக்க வெளியோரம் நூல் தெரியும். சரிசெய்யக்கூடிய மேல் கன்ட்ரோல் ஆர்ம் போட்டு மைனஸ் 2.5 முதல் 3 வரை கொண்டுவந்த பிறகுதான் விலையுயர்ந்த டயருக்குப் பணம் போட வேண்டும். கேம்பர் இல்லாத மிச்செலின் கப் 2 டிராக் டயரைவிடக் கேம்பர் உள்ள சாலை டயர் 4எஸ் சீராக ஓடும்.

இனி டயர்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் மழையிலும் நம்பலாம், ஆனால் சில லேப்களில் சூடேறி வழுக்கத் தொடங்கும். யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் இரண்டும் ட்ரெட்வேர் 200 (தேய்மான எண்; குறைந்தால் ரப்பர் சீக்கிரம் தேயும்). முதல் லேப்பிலேயே பிடி கிடைக்கும், ஒற்றை லேப் நேரத்துக்கு இவற்றை அடிக்க ஆளில்லை. ஆனால் இலகுவான கார்களுக்குப் பொருத்தமான ரப்பர் அது. 1,900 கிலோவின் கீழே சீக்கிரம் சூடேறிவிடும், இரண்டு மூன்று வேக லேப்புக்கு ஒரு ஆறும் லேப் கட்டாயம். மிச்செலின் கப் 2 சூடேற நேரம் எடுக்கும், பிறகு இருபது நிமிட செஷன் முழுக்க மாறாமல் நிற்கும். டெஸ்லாவே மாடல் 3-க்கு விற்ற டிராக் பேக்கேஜில் 245/35R20 கப் 2-தான். தேங்கிய நீரிலும் குளிர்காலையிலும் அது ஆபத்து. டோயோ ஆர்888ஆர் ட்ரெட்வேர் 100, சூட்டைத் தாங்கும், சாலையில் இரைச்சல் அதிகம். டிரெய்லரில் கார் கொண்டுபோகிறவர்களுக்கு அது. டிராக்குக்கு ஓட்டிக்கொண்டே போய், முழு செஷன் ஓட்டி, ஓட்டிக்கொண்டே வீடு திரும்புகிறவருக்குக் கப் 2. நேரம் பதிவுசெய்யும் போட்டிக்கு ஏ052. எதைப் போட்டாலும் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும், திரும்பி வரும் வழியில் எங்கே சார்ஜ் என்பதை முதலிலேயே பார்த்துவையுங்கள்.

காற்றழுத்தம்: சாலைக்குச் சொல்லும் 42 பிஎஸ்ஐயோடு டிராக்கில் இறங்கினால் சூட்டில் 50-ஐ நெருங்கும், நடு ரப்பர் மட்டும் உழைக்கும். குளிர்ந்த நிலையில் 31, 32-ல் தொடங்கி, செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே 37 முதல் 39-க்குள் வரும்படி இறக்கி ஏற்றுங்கள்.

பிரேக்கும் டயரும் ஜோடியாகவே உயர வேண்டும். கப் 2 போட்டுவிட்டுப் பழைய ஆயிலோடு இறங்கினால், கூடிய பிடி காரணமாக இன்னும் தாமதமாக, இன்னும் பலமாக பிரேக் பிடிப்பீர்கள். ஆயில் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும். எனவே செலவு வரிசை: ஆயில், முன் பேட், கேம்பர் ஆர்ம், 18 அங்குல வீலும் டயரும், இரண்டு துண்டு டிஸ்க். வெப்பப் பூச்சு கேட்டால் மட்டும் பெரிய கிட்.

செஷனில் பெடல் நீளமாகப் போனால் அது ஆயில். உள்ளே வந்து பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது பேட். ஒரு லேப் ஆறவிட்டால் திரும்பிவரும். கடைசி லேப்பை பிரேக் தொடாமல் ஓட்டி முடியுங்கள். பார்க் போட்டதும் இந்தக் கார் தானாகவே பின் பார்க்கிங் பிரேக்கை இறுக்கும், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, கார் வாஷ் மோடில் ஃப்ரீ ரோல் போட்டு, டிஸ்க் ஆறும்வரை நியூட்ரலில் நிறுத்துங்கள். சார்ஜ் போடுவது அதற்குப் பிறகு.